பச்சை பீரோவும் பதினோரு தொகுதிகளும்

புது பெயின்ட் வாசனை எனக்கு ஆகாது. யார் வீட்டிலாவது புது பீரோ வந்து இறங்கி, பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். தப்ப முடியாமல் போய் நின்றுவிட்டால் அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வரும். பித்தம், இஞ்சிச் சாறு குடியுங்கள் என்பாள் என் மனைவி. பித்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் செய்த அசிங்கம் அது. அவளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எழுபதுகளில், பிள்ளைப்பாக்கம் தாண்டி உள்ளே போகும் ஓர் ஊரில் நூலகனாக இருந்தேன். நூலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரிக்கரைக்குக் கீழே ஓட்டுக் கட்டடம். முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறை. ஊர் வாசகர் சங்கம் நடத்தியது. சங்கத்துக்குத் தலைவர், ரைஸ்மில் வைத்திருந்த பெரிய விவசாயி. அவர் படித்து நான் பார்த்தது பஞ்சாங்கம் ஒன்றைத்தான். எனக்குத் தற்காலிக வேலை. என்றைக்கு வேண்டுமானாலும் "நாளையிலேர்ந்து வராதே" என்று சொல்லிவிடலாம். காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த நினைப்போடுதான் திறப்பேன்.

பின்னறையில் ஒரு மர அலமாரி. அதன் அடித்தட்டில் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பதினோரு தொகுதிகள் இருந்தன. அச்சடித்தவை அல்ல, கையெழுத்துப் பத்திரிகை. ஐம்பதுகளில் அந்த ஊர் இளைஞர் ஒருவர் மாதம் ஒன்றாக எழுதியது. ஒரே பிரதி. அதுதான் வீடு வீடாகப் போகும். முதல் பக்கத்தில் "எண்ணெய்க் கையோடு தொடாதீர், மறுநாளே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடவும்" என்று எழுதியிருப்பார். கதை, துணுக்கு, ஏரி நிரம்பிய செய்தி, யார் வீட்டு எருமை காணாமல் போனது, எல்லாம் இருக்கும். படங்களும் அவரே போடுவார். நீல வர்ணம் மட்டும்தான் கிடைத்ததோ என்னவோ, மாடும் நீலம், மரமும் நீலம், ஊர்த் தலையாரியின் மீசையும் நீலம். கடைசியில் வெற்றுத்தாள் விட்டிருப்பார், வாசகர் கருத்துக்காக. அதில் ஊரே சண்டை போட்டிருக்கும். "கதாநாயகியைக் கொன்றது அநியாயம்" என்று ஒருத்தர் எழுத, "உனக்கென்ன வந்தது" என்று இன்னொருத்தர் கீழே எழுதியிருப்பார். வேலையில்லாத மத்தியானங்களில் அவற்றைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

அந்த இளைஞர் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். கல்யாணம்கூட ஆகவில்லை. ஒரு போட்டோ கிடையாது. அவர் இந்த உலகத்தில் இருந்தார் என்பதற்கு அந்தப் பதினோரு தொகுதிகள்தான் சாட்சி. அவருடைய தங்கை அதே ஊரில் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் இல்லை. காகிதக் கூடை செய்து பிழைத்தார். பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் காயவைத்து எடுக்கிற கூடை. கல்யாணச் சீருக்கு அந்தக் கூடை இல்லாமல் அந்தப் பக்கத்தில் யாரும் தட்டு தூக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த அக்கா நூலகத்துக்கு வருவார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏதாவது ஒரு தொகுதியை எடுத்து மடியில் வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தொகுதியையும் அவர் அண்ணன் தைத்திருந்தது நூலால் அல்ல, தங்கையின் சிவப்பு ரிப்பனைக் கிழித்து. "பள்ளிக்கூடத்துக்கு வெறுஞ்சடையோட போனேன் சார், அதுக்காவ ரெண்டு நாளு அவன்கூட பேசவே இல்ல" என்று சொல்லிச் சிரிப்பார். வருஷத்துக்கு வருஷம் அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. மைதாப் பசைக்கு இராமபாணப் பூச்சி வந்திருந்தது. கீழ்த்தட்டில் கரையான் மண் ஏறியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு பக்கத்தைத் திருப்பினார். பாதிப் பக்கம் பொடிப்பொடியாக மடியில் கொட்டியது.

"சார், இதுக்கு ஏதாச்சும் பண்ண முடியாதா? எனக்கு வேற இன்னா கீது?"

"பண்ணலாம்க்கா. நான் பாத்துக்கறேன்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன்.

அந்த வருஷம்தான் பட்டணத்திலிருந்த ஓர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை ஒன்று வந்தது. கிராம நூலகங்களில் உள்ள அரிய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் பாதுகாக்க நிதியுதவி தரப்படும், விண்ணப்பிக்கலாம். இது அந்தப் பதினோரு தொகுதிகளுக்காகவே வந்ததுபோல் இருந்தது. இன்னொரு வரியும் இருந்தது. உதவி பெறும் நூலகத்தின் நூலகர் பணி அரசுப் பணியாக நிரந்தரமாக்கப்படும். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

விண்ணப்பம் மூன்று பிரதி. அந்த மூன்று பிரதியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு நாய் படாது. பதிப்பகத்தின் பெயர் என்று ஒரு கட்டம். "கையால் எழுதியது" என்று எழுதினேன், திரும்பி வந்தது. பதிப்பகம் இல்லாதது நூலே ஆகாதாம். ஊரின் பெயரைப் பதிப்பகமாகப் போட்டேன். அடுத்தது விலை. விலை இல்லை என்று எழுதினேன், மறுபடியும் திரும்பி வந்தது. நேரில் போய்க் கேட்டபோது அந்தக் குமாஸ்தா வெற்றிலையைக் குதப்பியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெலையே இல்லாத வஸ்துவுக்கு எதுக்குய்யா பாதுகாப்பு?" என்றார். பக்கத்து மேசைக்காரன் கெக்கெக்கே என்று சிரித்தான். அவர் துப்பிய எச்சில் சுவரோரம் அடுக்கியிருந்த விண்ணப்பக் கட்டுகள்மேல் தெறித்தது. எந்த ஊர் ஏட்டுச்சுவடிக்காக யார் எழுதிப்போட்டதோ! அத்தனை கட்டும் செங்கற்கள்போல் சிவந்து கிடந்தன. தூ! நூலைப் பாதுகாக்கிற லட்சணம்! பல்லைக் காட்டிக்கொண்டு, வாய்க்கு வந்த ஒரு விலையை அந்தப் பதினொன்றுக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் கடிதம் வந்தது. ஆய்வுக்கு அதிகாரி ஒருவர் நேரில் வருவார் என்று நாள் குறித்திருந்தது. அதிலேயே, நன்கு பராமரிக்கப்படும் நூலகங்களுக்கே முன்னுரிமை என்றும் இருந்தது. அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நிவாரணம் வாங்கத் தெரியாதா என்ன? புயலில் சுவர் விழுந்தால், கணக்குப்பிள்ளை வந்து கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு போகும்வரை ஒரு செங்கல்லை நகர்த்த மாட்டார்கள். மாரி முழுக்க ஓலைத் தட்டியில் குந்தியிருப்பார்கள். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர்கள், புத்தகம் என்று வந்ததும் புத்தி கெட்டுப்போனார்கள். நூலகத்துக்கு அதிகாரி வருகிறார் என்றதும் அவர்களுக்குப் பெண் பார்க்க வருகிற ஞாபகம்தான் வந்தது. வீட்டைக் கழுவு, ஒட்டடை அடி, ஓட்டையை மறை. பாழாகிக் கிடப்பதைக் காட்டித்தான் உதவி கேட்கிறோம் என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

நானோ எதிர்த்திசையில் புத்திசாலித்தனம் செய்தேன். அதிகாரி கண்ணில் முதலில் படட்டும் என்று, பூச்சி அரித்த பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்துக் கூடத்து மூலையில் குவித்தேன். குவியலின் உச்சியில் அந்தப் பதினோரு தொகுதிகளையும், பொத்தலும் கிழிசலும் நன்றாகத் தெரியும்படித் துணியை அவிழ்த்து வைத்தேன். மறுநாள் ஏதோ ஒரு சான்றிதழுக்காகப் பட்டணம் போக வேண்டியிருந்தது. புறப்படும்போது தலைவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. வெள்ளையடிக்கிற வேலைக்கு சங்கத்துல தீர்மானம் எழுதணும்."

போட்டேன். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதவன் அந்தக் காலத்தில் தற்காலிக வேலையில் இருந்ததில்லை.

சான்றிதழ் இரண்டு நாள் இழுத்தடித்தது. மூன்றாம் நாள் காலை திரும்பி வந்து பார்க்கிறேன், நூலகம் பளபளக்கிறது. புதுச் சுண்ணாம்பு. வாசலில் மாக்கோலம். மூலை காலியாகக் கிடக்கிறது.

"குவியல் எங்கே?" என்றேன் தலைவரிடம். அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார்.

"எந்தக் குவியல்? அந்தக் குப்பையா? ஏன்யா, அதிகாரி வர்ற எடத்துல கரையான் தின்னத வச்சு ஊர் மானத்த வாங்கப் பாக்கிறியா?" என்றவர், மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்துக்கு மேலே, உபயோகமற்ற பழைய தாள்களைக் கழித்துவிடச் சங்கம் தீர்மானிக்கிறது என்று எழுதியிருந்தது. "பொண்ணுக்குக் கல்யாணம் வருதில்ல? கூடை போடறதுக்கு வூட்ல ஊற வச்சிருக்காங்க. நல்ல கெட்டித் தாளுன்னாங்க."

அவர் வீட்டுக் கொல்லைக்கு ஓடினேன். மாட்டுத் தொட்டியில் கழுநீரில் மிதந்துகொண்டிருந்தது. புளித்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. தவிடும் காய்த்தோலும் நுரையும், நடுவே தாள்கள். தண்ணீர் நீலமாக இருந்தது. தலைவரின் மனைவி தொட்டியருகே உட்கார்ந்து, மிச்சமிருந்த ஒரு பழைய புத்தகத்தின் அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தாளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போட்டார். சரஸ்வதியாம்! கால் பட்டால் பாவம் என்று கண்ணில் ஒற்றுகிற கை, அடுத்த நொடியே கழுநீரில் முக்குகிறது. மேலாக மிதந்ததைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் கூழாக ஒட்டிக்கொண்டு வந்தது. முடிந்தது, எல்லாம் போயிற்று என்று கையை உதறிவிட்டு எழுந்தேன். மாட்டுக்காரன் ஒருவன் வைக்கோல் பிரியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைவரிடம் திரும்பி வந்து சத்தம் போட்டேன். கொஞ்சம்தான் போட்டேன். அவர் கைகழுவிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"இப்ப இன்னாங்கற? அதிகாரிகிட்ட சொல்லப் போறியா? சொல்லு. உதவியும் வராது, உன் வேலையும் நெலைக்காது. போனது போச்சு. அந்தப் பொம்பளகிட்ட ஏதும் ஒளறி வைக்காத."

நான் உளறவில்லை. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் சும்மா இருக்க முடியாது. அந்தத் தொட்டியில் கிடந்ததைக் கிழித்துக் கூடையில் வாரி, கூடை செய்ய எங்கே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஊரில் கூடை செய்கிறவர் ஒரே ஒருத்தர்தான்.

அதிகாரி சொன்ன நாளில் வரவில்லை. பத்து நாள் கழித்து ஜீப்பில் வந்தார். வாழைமரம், மைக்செட், மாலை. தலைவர் ஒரு புதுக் காகிதக் கூடையில் ஆப்பிளும் வாழைப்பழமும் வைத்துக் கொடுத்தார். கூடை லேசான நீல நிறம். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, இது காகிதமா? சாயம் போட்டதா?"

"காகிதந்தாங்க. சாயமெல்லாம் இல்லீங்க, அதுவே அந்தக் கலரு" என்றார் தலைவர், பல்லெல்லாம் தெரிய.

அதிகாரி புது நாவல்கள் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்து, சுவரைத் தடவிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு பட்டியலை எடுத்து, "இந்தக் கையெழுத்துத் தொகுதிகள்?" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது.

"பைண்டிங்குக்கு அனுப்பியிருக்கு சார்" என்றேன்.

வேறு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வாய்தான் சொன்னது. சொல்லிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக அந்த அக்கா நிற்கிறார். பார்வையாளர் புத்தகத்தில் அதிகாரி, "பழைய நூல்கள் மிகச் சிறப்பாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றன" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

உதவி வந்தது. பாதுகாப்புக்கான உதவியாயிற்றே, பாதுகாப்புப் பெட்டகம்தான் வாங்க வேண்டுமாம். பச்சை பெயின்ட் அடித்த இரும்பு பீரோ ஒன்று லாரியில் வந்து இறங்கியது. நெற்றியில் தலைவரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார்கள். உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை. தணிக்கைக்காக ஒன்று முதல் பதினொன்று வரை எண் எழுதிக் காலித் தட்டில் நானே ஒட்டினேன். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். என் வேலையும் நிரந்தரமாயிற்று. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நன்றாகத்தான் குடித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அக்கா வந்தார்.

"பைண்டிங் முடிஞ்சு வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சுக்கா. பீரோவுல இருக்கு. இனிமே அடிக்கடி தொறக்கக் கூடாதுன்னு மேலேர்ந்து உத்தரவு. காத்துப் பட்டா கெட்டுப் போயிடும்."

"அப்டியா" என்று பீரோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பத்திரமா கீதா?"

"பத்திரமா இருக்குக்கா."

அடுத்த வெள்ளியும் வந்தார். அதற்கடுத்த வெள்ளியும். ஒரு வார்த்தை கூடாது, குறையாது. "பத்திரமா கீதா சார்?" நானும் அதே பதில். ஒரு முறையாவது திறந்து காட்டு என்று கேட்கவில்லை. அவர் கேட்காததில் எனக்கு நிம்மதி. பாவம், நம்பிவிட்டார், நம்பியே இருக்கட்டும், உண்மையைச் சொல்லி அவர் மனசை ஒடிப்பானேன் என்று எனக்கு நானே பெரிய கருணைவான் வேஷம் வேறு போட்டுக்கொண்டேன். வருஷங்கள் இப்படியே போயின. பீரோவில் தலைவர் வீட்டுக் கல்யாணச் சமுக்காளமும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் குடியேறின. ஊரில் நிலம் விலை பேச ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்கு மணிமங்கலம் பக்கம் மாற்றல் வந்தது.

கடைசி நாள் மத்தியானம் கணக்கு ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா வந்தார். வெள்ளிக்கிழமை அல்ல. கையில் ஒரு நீலக் கூடை. வாசலோடு நின்றுகொண்டார்.

"போறீங்களாமே சார்."

"ஆமாக்கா. நான் போனாலும் கவலைப்படாதீங்க. புதுசா வர்றவர்கிட்ட சொல்லிட்டுத்தான் போறேன், எல்லாம் பத்திரமா..."

"போதும் சார்" என்றார். குரல் உயரவில்லை. கூடையை என் மேசைமேல் வைத்தார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். துவைத்து மடித்த சிவப்பு ரிப்பன் துண்டுகள். நிறம் மங்கியிருந்தது. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"ரிப்பன் இடிபடாது சார். மொத இடியிலயே ஒலக்கையில சுத்திகிச்சு. எடுத்துப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் இன்னா பண்ண முடியும்? எல்லாம் கூழு. கல்யாண வூட்டு ஆர்டரு. அழுதுகினே இடிச்சு முடிச்சேன். இந்த ஒண்ண மட்டும் எனக்குன்னு வச்சிகினேன்."

"அக்கா, நான் அன்னிக்கு ஊர்ல இல்ல. வந்து பாக்கறதுக்குள்ள..."

"தெரியும். மாட்டுக்காரன் சொன்னான், நீங்க வந்து தொட்டியப் பாத்துட்டுப் போனத. மறுநாளு அவன்தான் தூக்கிக் கிழிச்சான். மேலதான் கூழாச்சாம். நடுத்தாளெல்லாம் காஞ்சே இருந்துச்சாம், அண்ணன் எழுத்து முத்து முத்தாத் தெரிஞ்சுச்சாம். அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லி இருந்தீங்கன்னா, ஓடியாந்து ஒலத்தி எடுத்திருப்பேன் சார்."

நான் தொட்டது விரல் நுனியால். முழங்கைவரை கையை விட்டுப் பார்த்திருக்கலாம். கழுநீர் நாறியது, அதனால் விடவில்லை.

"அப்புறம் ஏன்க்கா வாரா வாரம் வந்து கேட்டீங்க?"

"நீங்க எப்பதான் வாயத் தொறந்து நெசத்த சொல்றீங்கன்னு பாக்கத்தான்" என்றார். "கூட உங்களுக்கு. என் வூட்ல வச்சுப் பாக்க முடியல."

ரிப்பன்களை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். கூடை இப்போது என் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. என் மனைவி அதில் புளி போட்டு வைத்திருக்கிறாள்.